எல்லைக்கோட்டில் இல்லாத வேலி

அம்பலவாணனுக்கு, பிழைக்க வந்த வெள்ளைக்கார நாட்டில், கவுன்சில் எனப்படும் நகரசபையின் கந்தோரில் மூன்று மாத வேலைதான் கிடைத்திருந்தது. வீடுகளுக்கும் தெருக்களுக்கும் இடையில் தப்பிக் கிடக்கும் புல்வெளிகளை, பக்கத்துக் கவுன்சில் எல்லையோரமாக, துண்டு துண்டாக வரைபடத்தில் அளந்து, எதை வைத்திருப்பது, எதை வீடு கட்டக் கொடுப்பது என்று எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் காணி அளந்த மனிதருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கதிரையை விட்டு எழும்பாமலே நாற்பத்தொரு துண்டுகளை அளந்து, 1989 வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, வேலை நீடிக்குமா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்வதாக மேலதிகாரி மிஸ் பிரைஸ் சொல்லியிருந்தாள்.

ஞாயிறு மாலை மனைவி தவமலருடன் குட்மேய்ஸ் பக்கம் காலாற நடந்தார். அறிக்கையின் இருபத்தேழாம் துண்டு வழியில் வந்தது. அங்கே வயிறு தள்ளிய சில ஆண்கள் மூச்சு வாங்க வாங்கப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோல் கம்பம் இந்தக் கவுன்சிலில், மற்றது பக்கத்துக் கவுன்சிலில்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள் தவமலர்.

"இஞ்சை வேலியைக் காணேல்லையப்பா!"

"வேலி என்னத்துக்கு?"

"எல்லையெண்டா வேலி இருக்கும்தானே. நான் வரைபடத்துக் கோட்டோடை அளவை நிப்பாட்டிப்போட்டன். ஒரு முழுக் காணியிலை பாதியை அளந்து, சின்னத் துண்டு, ஒண்டுக்கும் உதவாதெண்டு எழுதிப்போட்டன்."

தவமலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு வேலிக் கதியாலுக்காகக் கோர்ட்டுக்குப் போற சனம்தானே நாங்கள். உங்களுக்கு வேற என்ன தோணும்?"

"சிரிக்காதையும். சொன்னா வேலை போயிடும். சொல்லாட்டி இதுகளிலை வீடு கட்டிப்போடுவாங்கள்."

அவள் விளையாடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சொல்லுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை அம்பலவாணன் ஒன்றையும் மறைக்காமல் மிஸ் பிரைஸிடம் சொன்னார்.

"எத்தனை துண்டுகளில் இந்தப் பிழை?"

"தெரியாது. நடந்து பார்த்தால்தான் தெரியும்."

அவள் பக்கத்துக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தாள். வேலிச் சண்டையே அறியாத அவர்களும் கோட்டோடு நிறுத்தித்தான் அளந்திருந்தார்களாம்!

"இரண்டு பக்கத்தையும் சேர்த்து நடந்து அளக்க எவ்வளவு காலம் வேண்டும்?"

"ஒரு வருடம்."

"மழையும் பெய்யும். ஒன்றரை என்று எழுதுகிறேன்."

அம்பலவாணன் மத்தியானம் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"வேலை போகேல்லையப்பா. எனக்குக் காலுக்கு ஒரு சோடி நல்ல சப்பாத்து வாங்கவேணும்."