மார்பில் வெடித்த நட்சத்திரம்

பெயிண்ட் ஆலையில் தன்னோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஃபிட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பது?

போன வாரம்தான் ஆலையின் அறைக் கதவுகளில் இருந்த பழைய படங்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டியிருந்தார்கள். கோடி அறையில் மண்டை ஓடு போய், மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் வந்திருந்தது. அறையை நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

மச்சினனைத் தோளில் தாங்கிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினார். ஸ்டோர்கீப்பர் திறந்ததும் பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடி மூக்கில் ஏறியது.

"அண்ணே, இங்க ஏன் கூட்டிட்டு வந்தீங்க? இது நெஞ்சக் கெடுக்கிற சரக்கு வைக்கிற ரூம்!"

"படத்துல நெஞ்சுதானேய்யா போட்டிருக்கு?"

"கெட்டுப்போகும்னு போட்டிருக்கு! நர்ஸ் ரூம் எதிர்ல."

எதிர்க் கதவில், நின்றுபோகும் இதயத்தை ஓடவைக்கும் கருவி உள்ளே இருப்பதைச் சொல்லும் பச்சைப் பலகை. அதில் ஒரு இதயம், அதற்குள் மின்னல். ஃபிட்டர் சட்டென்று நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்து மின்னல் என்றால் கரண்ட். தொட்டால் ஆள் காலி.

"மாமா," என்று முனகினான் மச்சினன், "படம் பாக்கிற நேரமா இது?"

ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

மச்சினனைப் படுக்கவைத்து நாடி பார்த்த நர்ஸ், "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றாள். ஃபிட்டருக்கு உயிர் வந்தது. ஆனாலும் எதன் மீதும் பட்டுவிடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு அறை நடுவிலேயே நின்றார்.