அசரீரி வாக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கத்தான் அந்த நகர மன்றத்துக்குள் போனேன். உள்ளே வார்டுத் தேர்தலில் நிற்கும் இருவரை உட்காரவைத்து, கலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போல நனைந்தவர்கள்.

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜனநாயகத்தில் கலையின் இடம் என்பது' — வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2

கேள்வி கேட்டவள் ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரி. இளவயதில் இதே மன்றத்து நாடக மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அதனால் நாடகக் குழுவில் அவள் பெயர் அசரீரி. (அவள் கல்யாணத்தில்கூட யாரும் அவள் முகத்தை — இல்லை, இது நான் ஜோடிப்பது.)

மேடையைப் பார்த்ததும் அவளுக்குப் பவுடர் வாசனை வந்தது. அட்டைக் கிரீடத்தின் ஈரப் பசை, திரை உயரக் கடைசி மணி அடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் தாகம். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

3

மன்றத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்குவதா, கூரையைச் சரிசெய்து நாடகத்துக்கே விடுவதா? ஜெயிக்கிறவர் நகராட்சியில் போடப்போகும் ஒற்றை ஓட்டில்தான் அது நிற்கிறது.

மருந்துக்கடைக்காரர் முதலில் பேசினார். "பொய் சொல்ல மாட்டேம்மா. எங்க தெருவுல விளக்கே இல்ல. முதல்ல அது. நாடகமெல்லாம் அப்புறம்."

இவரை வில்லனாக்கி, பெரிய மீசையும் வைத்துப் பார்த்தேன். மனிதர் நியாயமாகப் பேசித் தொலைக்கிறார். மீசையை எடுத்துவிட்டேன்.

அடுத்தவர் ராஜா. அசரீரியின் குழுவில் ராஜா வேஷம் தவிர வேறு கட்டாததால் வந்த பெயர். இப்போது கட்டட ஒப்பந்தக்காரர்.

"இந்த மன்றத்தைக் காப்பாத்துவீங்களா?" என்று அசரீரி கேட்டாள்.

ராஜா எழுந்தார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றார்.

அசரீரிக்குத் தெரியாத மௌனமா அது? பழக்க தோஷம், உதடு தானாக அசைந்தது. "என் உயிர் உள்ளவரை..." முன்னால் மைக் இருந்ததை மறந்துவிட்டாள். கடைசி வரிசைவரை கேட்டது.

"என் உயிர் உள்ளவரை," என்று நெஞ்சை நிமிர்த்தினார் ராஜா, "இந்த மன்றத்தின் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவிடமாட்டேன்!"

(பழைய வசனத்தில் கோட்டை. மன்றம் என்று மாற்றிக்கொண்டது மட்டும் அவர் கைச்சரக்கு.)

கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. நானும் தட்டினேன்.

4

வாசலில் ராஜா அவளை மடக்கினார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீ மறந்துட்டியேன்னு..."

"மறக்கலக்கா. முடியாதுன்னு சொல்லத்தான் மூச்சை இழுத்தேன்."

அவள் விடவில்லை. "கைதட்டல் கேட்டுச்சுல்ல தம்பி? இனிமே அதுதான் உன் பேச்சு."

"வசனம்தானேக்கா," என்று சிரித்துவிட்டுக் குடையை விரித்தார்.

5

முடிவு ஒன்று: ராஜா ஜெயித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். (நம்பிக்கை இல்லை, ஆசை இருக்கிறது.)

இன்னொன்று: ஜெயித்துவிட்டு, "அது என் வாக்கு இல்ல, அசரீரி வாக்கு" என்று கையை விரிக்கிறார்.

அல்லது மருந்துக்கடைக்காரர் ஜெயிக்கிறார். தெருவுக்கு வெளிச்சம் வருகிறது, மேடை — இதை முடிக்கக் கை வரவில்லை.

ஓட்டுப்போடும் நாள். மறைப்புக்குள் அசரீரி தனியாக நிற்கிறாள். ஆசைகாட்டிப் பொய் சொன்ன தம்பியா, முகத்துக்கு நேராக இல்லையென்ற அந்நியரா? அந்தப் பொய்யும் அவள் வாயிலிருந்து போனதுதான். விரல் இரண்டு பெயர்களுக்கும் நடுவே நிற்கிறது. எத்தனையோ பேருக்கு எடுத்துக்கொடுத்தவளுக்கு இன்று ஒரு சொல்லும் வரவில்லை.

எழுதுகிறவன் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒரு பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். தயவுசெய்து நீங்களும் பொத்திக்கொள்ளுங்கள். அது அவள் ஓட்டு.