சரிகை கட்டிய சிப்பாய்கள்

மேசையின் ஒரு முனையைத் துரை தூக்கிவிட்டார். மறுமுனையில் ஜெயவதி இரண்டு கைகளையும் ஊன்றி நின்றதால் அது அதற்கு மேல் எழவில்லை.

"அண்ணி, ஐஸ் பெட்டி வைக்கணும். கூடத்துல எடம் வேணாமா?"

"குறுக்கால வைங்க. மேச நகரக் கூடாது."

கணவரின் தம்பி துரை, பூக்காரனிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேரம் பேசி முடித்தவர். ஆனால் எதிரில் இருந்தது காலமெல்லாம் பட்டு விற்ற அண்ணி. பெட்டி குறுக்காகவே வந்தது. அதனுள் அவள் கணவர் ஜீவந்தரன் நயினார் வந்தவாசிப் போர்க்களத்தை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்.

மேசைமேல் இருந்த அந்தப் போர்க்களம் விளையாட்டுதான். மகன் ஆதீஷ் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த பெட்டியில் அட்டைக் களமும் பிளாஸ்டிக் சிப்பாய்களும் இருந்தன. எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் சமண வீட்டுக்குள் பீரங்கி நுழைந்தது அப்படித்தான். எதிர்ப்படைக்குத் தளபதி, எதிர்க்கடைக் குப்புராஜ். வாரமெல்லாம் ஒருவர் வாடிக்கையை மற்றவர் இழுப்பார். ஞாயிறு மதியம் அதே வேலையைச் சிப்பாய்களை வைத்துச் செய்வார்கள்.

சிப்பாய்களின் அனுபவத்தைக் காட்டப் பெட்டியில் பொடி எழுத்தில் எண்கள் இருந்தன. இருவர் கண்ணுக்கும் அவை பிடிபடாததால் பட்டிழை கட்டினார்கள். களமே காணாதவனுக்கு மொட்டைக் கழுத்து. ஒரு சண்டையில் தப்பினால் சிவப்பிழை, இன்னொன்றில் தப்பினால் பச்சை, பிறகு சரிகை. பீரங்கி முழங்கினால் பகடை உருட்ட வேண்டும். மொட்டைக் கழுத்துக்காரன் ஆறு விழுந்தால்தான் நிற்பான், இல்லையென்றால் ஓட்டம்தான். சரிகைக்காரன் இரண்டு விழுந்தாலே நிற்பான்.

விழுந்தவனுக்குப் பதில் அடுத்த சண்டையில் மொட்டைக் கழுத்தோடு புது ஆள் வர வேண்டும் என்பது பெட்டியோடு வந்த விதி. நயினார் ஒப்பவில்லை. தன் படையில் யாரும் சாவதில்லை, ஊருக்குப் போய்விட்டு அதே இழையோடு திரும்புகிறார்கள் என்றார். பட்டுப்பூச்சிக்கு இந்தக் கருணை கிடையாதா என்று குப்புராஜ் கேட்டார். அது வியாபாரம், இது விளையாட்டு என்றார் நயினார்.

போன மாதம் குப்புராஜ் பாதி ஆட்டத்தில் எழுந்துவிட்டார்.

"உங்க ஆளுங்க பூரா சரிகையோட நிக்கறானுங்க. நான் மட்டும் வாராவாரம் பச்சப் புள்ளைங்கள வெச்சிகினு சண்ட போடணுமா? செத்தவன் எந்த ஊர்ல நயினாரே திரும்பி வர்றான்?"

அதன்பின் தெருவுக்குக் குறுக்கே பேச்சில்லை. இருவரும் வியாபாரிகள்; யார் முதலில் இறங்குவது?

நேற்று மாலை நயினார் கத்தரிக்கோலோடு மேசையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குப்பு வரும்வரை இதைத் தொடாதே என்றார் மனைவியிடம். இன்று காலை கடைச்சாவியை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

குப்புராஜ் வந்தவாசிக்குச் சேலை கொண்டுபோயிருந்தார். போனில் சேதி சொன்னபோது வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை என்றான் ஆதீஷ். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். எடுக்கிற நெரிசலில் மேசை தப்பாது. அதற்குள் அவர் வந்து பார்த்தாக வேண்டும்; ஜெயவதிக்கு வேறு கவலையே இல்லை.

காத்திருந்த நேரத்தில் அவள் துக்கத்துக்கு வந்தவர்களை மனதுக்குள் இழை கட்டிப் பிரித்தாள். சந்தவாசல் அத்தை சுத்தச் சரிகை; ஒப்பாரிக்கு நடுவே காபியில் சர்க்கரை போதவில்லை என்று சாடை காட்டினாள். ஆதீஷ் மொட்டைக் கழுத்து. முதல் ஒப்பாரிக்கே மாடிக்கு ஓடிவிட்டான். தன் கழுத்தில் என்ன இழை என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் பகடை உருட்டவில்லை.

வெயில் தணியும் நேரத்தில் குப்புராஜ் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு எங்கே நிற்பதென்று தெரியாமல் மேசைப்பக்கம் திரும்பினார். நயினாரின் முன்வரிசை முழுக்க மொட்டைக் கழுத்து. அறுபட்ட சரிகைத் துணுக்குகள் ஓரமாகக் கிடந்தன.

"இத யாரு அறுத்தது?"

"அவருதாண்ணே. நேத்து சாயங்காலம்."

குப்புராஜ் பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தார். "வெலய எறக்கற ஆளே கெடயாதே இவரு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். துணுக்குகளைக் கட்டப் பார்த்தார், நீளம் போதவில்லை. கடைக்கென்று காலையில் உடுத்திய ஆரணிப் பட்டுச் சேலையை ஜெயவதி இன்னும் மாற்றவில்லை. முந்தானைக் குஞ்சம் ஒன்றை அவிழ்த்து, சரிகையை உருவி அவரிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொரு கழுத்தாகக் கட்டத் தொடங்கினார்.

துரை வாசலில் இருந்து குரல் கொடுத்தார். "பொழுது சாயுதுங்க. எடுக்கணும்."

"கொஞ்சம் இருப்பா," என்றார் குப்புராஜ், தலை நிமிராமல். "ஊருக்குப் போனவங்க இப்பதான் வந்துகினு இருக்காங்க."

கடைசி முடிச்சு விழுந்ததும் அவர் எழுந்து தோள் கொடுக்கப் போனார். மாடியிலிருந்து இறங்கி வந்த ஆதீஷ் மறுபக்கம் நின்றான். கூடத்தில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். ஜெயவதி மேசை ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முந்தானையில் குஞ்சங்களுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.