மாப்பிள்ளைக்குப் போன பங்கு

என் கணவர் செத்துப்போன பிறகு எங்கள் வீட்டில் உடம்பு தேறியது ஒரே ஒரு ஜீவன்தான். அது குதிரை.

அதன் பெயர் மாப்பிள்ளை. வைத்தவர் அவர்தான். வாங்கி வந்த அன்று அது தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வாய் வைத்ததாம். "மாப்பிள்ளை முறுக்கப் பாரு" என்று சொல்லிச் சிரித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ஒரு நாள் காலையில் சேணத்தைத் தூக்கித் தோளில் போட்டவர் அப்படியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். மாரடைப்பு. மற்ற இரண்டு குதிரைகளையும் விற்றுவிட்டோம். வயதான மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை. வேலை வெட்டி இல்லாமல் லாயத்தில் நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நான் அழுதிருந்தால் அவர்களுக்கும் வசதியாக இருந்திருக்கும். கூடச் சேர்ந்து அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குத்தான் அழுகை வரவில்லையே. பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்க்கிறவள் நான். எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. ஆகவே வந்தவர்கள் என்னிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்பக்கம் நழுவினார்கள். குதிரைக்கு ஆப்பிள், கேரட், பிஸ்கட், வெல்லம் என்று கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்கள். வாயைத் தவிர அதற்கு அப்போது வேறு எதுவும் வேலை செய்யவில்லை.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் மாப்பிள்ளை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னால் போட்டுக்கொண்டு நின்றது. ஓரடி எடுத்து வைக்கச் சொன்னால் மாட்டேன் என்றது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மாள் வந்ததும் குளம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு விலாவை அழுத்தினார். விலா எலும்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பிடரியில் கொழுப்பு திரண்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அளவு நாடாவை நெஞ்சைச் சுற்றிப் போட்டு, முட்டிய இடத்தில் நாடாவின் மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்தார்.

"குளம்புக்குள்ள வீக்கம். ஒடம்பு ஏறுனதால வந்தது. இப்படியே விட்டா உள்ள இருக்கற எலும்பு எறங்கிடும். அப்புறம் இதால நிக்கவே முடியாது. ஊசி போட்டு அனுப்பி வைக்கறதத் தவிர வேற வழி இருக்காது."

"அப்ப இன்னிலேர்ந்து தீனிய நிறுத்திடறேன்" என்றேன்.

"அதத்தான் செய்யக் கூடாது. குதிரையப் பட்டினி போட்டா ஒடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ரத்தத்துல எறங்கி ஈரலக் கெடுத்துடும். அதுலயே செத்துடும். புல்லு வயித்துல இருந்துக்கிட்டே இருக்கணும். ஆனா அளந்து போடணும். தானியம், ரொட்டி, பழம், இனிப்பு, இதெல்லாம் இன்னியோட சரி. காஞ்ச புல்ல தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய வடிச்சுட்டுப் போடுங்க, அதுல இருக்கற சர்க்கரை போயிடும். சின்னக் கண்ணு வலையில கட்டித் தொங்கவிடுங்க. இழுத்து இழுத்துத் தின்னட்டும், நேரமாகும். வலி கொறைஞ்சப்புறம் மெதுவா நடக்க வைக்கலாம்."

அது செத்துப்போகலாம் என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க எனக்கு இருந்த ஒரே காரணம் அதற்குத் தண்ணீர் வைப்பதுதான். அது எனக்குத் தெரியும். அத்தை, அதாவது என் மாமியார், லாயத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார். அவரும் என்னைப் போலத்தான் ஆகியிருந்தார். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், சத்தம் போட்டது பாத்திரங்கள்தான்.

டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். விடிந்ததும் புல்லைக் கொக்கித் தராசில் மாட்டி நிறுப்பேன். பெரிய தொட்டியில் அமுக்கி ஊறவைப்பேன். தேநீர் நிறத்தில் இறங்கும் தண்ணீரை வடித்துவிட்டு, சொட்டச் சொட்டத் தூக்கி வலையில் அடைத்துக் கட்டுவேன். உடுப்பெல்லாம் நனைந்து, வேறு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். வாசல் கேட்டில் 'குதிரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்' என்று பலகை மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் என்னவோ அவர் வீட்டுச் சோற்றில் மண் போட்டதுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா நாடாவைப் போட்டார். கோட்டைத் தாண்டி ஒரு விரல் கூடியிருந்தது.

"அளந்துதானே போடறீங்க?"

"ஒரு பிடி கூடப் போடல."

"யாரோ ஏதோ கொடுக்கறாங்க. தண்ணி எப்படிக் குடிக்குது?"

"தொட்டி தெனமும் காலியாயிடுது."

"இந்தக் குளிர்லயா?" என்று தொட்டியை எட்டிப் பார்த்தார். "குளம்பு இன்னும் சுடுது. அடுத்த தடவ வர்றப்ப இப்படி இருந்தா நான் சொன்னத யோசிக்க வேண்டி வரும்."

அன்று எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி என்பதால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையில் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் சொன்னேன்.

"நாளைலேர்ந்து புல்லப் பாதியாக்கப் போறேன்."

அத்தையின் கரண்டி நின்றது. "டாக்டரம்மா கூடாதுன்னாங்களே."

"அவங்க சொன்னபடி செஞ்சுதான் இந்த லட்சணம்."

மறுநாள் பாதி வலை புல்லை மட்டும் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் பல் மருத்துவருக்கே பல்வலி. வேறொரு மருத்துவரிடம் ஓடினார். எல்லாரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேட்டைத் திறந்து பின்பக்கம் போனால், லாயத்துக்குள் அத்தை. ஒரு கையில் என் கணவரின் தட்டு. மறு கையால் கனமான ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மாப்பிள்ளையின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் எவர்சில்வர் டப்பா ஒன்று திறந்து கிடந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் பதறவாவது வேண்டாமா? அத்தை பதறவில்லை.

"நீ வர்ற நேரமில்லையே" என்றார்.

"என்ன அத்தை இது?"

"அவன் தட்டு."

மத்தியானத்தில் வகுப்பை விட்டுவிட்டு அவர் உள்ளே வரமாட்டார். அத்தைதான் தட்டைத் துணியால் மூடி மைதானத்துக்கு எடுத்துப் போவார். ஒரு கை குதிரையின் கழுத்தில் இருக்க, என் கணவர் நின்றபடியே சாப்பிடுவார். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

"மாவப் பெசையறப்ப கை அதுபாட்டுக்கு அவனுக்கும் சேத்துப் போட்டுடுது" என்றார் அத்தை. "சுட்டு எடுத்தப்புறம்தான் நெனைப்பு வருது. குப்பையில போட மனசு வரல. தட்ட எடுத்துக்கிட்டு இங்க வந்தா, இது மட்டும் தலையத் தூக்கிப் பாத்துச்சு."

"ரொட்டி கூடாதுன்னு உங்க முன்னாடிதானே சொன்னாங்க."

"கேட்டேன். நாளைக்கு நிறுத்திடணும்னு தெனமும்தான் நெனைக்கறேன்."

"அதக் கொல்றது நீங்கதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அத்தை தட்டை வைத்துவிட்டு வாளியின் மேல் இருந்த டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"பாதிதான் அவன் பங்கு. மீதி உன்னுது. காலையில கொடுத்தனுப்பற டப்பா சாயங்காலம் மூடி கூடத் தெறக்காம வருது. மறுநாள் அதுவும் இங்கதான் வருது. உப்போ ஒறைப்போ, நல்லா இருக்கோ இல்லயோ, ஒரு வார்த்த சொல்றியா நீ? ஒரு வீட்டுல ரெண்டு பேரோட சாப்பாடு மிஞ்சுனா நான் எங்க போயி கொட்டறது?"

என் பையில் அன்றைய டப்பா இருந்தது, வழக்கம்போல் திறக்காமல். காலையில் ஒரு காபி, ராத்திரி ஒரு வாழைப்பழம், அதில் என் பொழுது ஓடியது. வயிற்றைப் பற்றி யோசித்ததே இல்லை.

வாளியின் மேல் உட்கார்ந்தேன். பையிலிருந்த டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். மாப்பிள்ளை மூக்கை என் தோளில் வைத்து முட்டியது. "போடா" என்று முழங்கையால் தள்ளினேன். மென்றேன்.

"உப்பு கரிக்குது அத்தை."

அத்தைக்குப் பல் இல்லை. ரொட்டி சுடுவாரே தவிரத் தின்று பார்க்க முடியாது, அவருக்கு மூன்று வேளையும் கஞ்சிதான். ஒரு துணுக்கைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அவன் இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பான்" என்றார். "இவ்ளோ நாளா யாருமே சொல்லலையே." அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். மகன் போன அன்று அழுததைவிட அதிகமாக அழுதார்.

இந்த உப்புதான் தினமும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தது என்பதும் அப்போது எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் பசித்தது. டப்பாவைக் காலி செய்தேன், பிறகு தட்டை எடுத்து அதில் மிச்சமிருந்ததையும் சாப்பிட்டேன். எழுந்து போய்ப் பாதியாக இருந்த வலையில் மீதிப் புல்லையும் நிறுத்து அடைத்தேன்.

அன்றிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மருத்துவமனை நடந்து போகும் தூரம்தான். அத்தை உப்பைக் குறைத்துவிட்டார், மாவைக் குறைக்கவில்லை. என் கணவரின் தட்டு அதே கனத்தில் துணி மூடி வந்தது. லாயத்துக்குப் போகாமல் என் முன்னால் வந்தது. என்னால் முடிந்த மட்டும் சாப்பிட்டேன். முடியாததை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், அவர் தூக்கி வைத்திருந்த முகமும் இறங்கியது.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது நாடா கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே முட்டியது. குளம்பில் சூடு இல்லை. விலாவில் என் விரலை வைத்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்று கேட்டார். அழுத்தினால் தட்டுப்பட்டது.

"இனிமே கயித்தப் பிடிச்சு மெதுவா நடக்க வைங்க. கொறையுதுன்னு சந்தோஷத்துல ரொம்ப எறக்கிடாதீங்க" என்றார்.

கதவருகே நின்ற அத்தை கேட்டார். "கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சா போதுமில்ல டாக்டரம்மா?"

"அதேதாம்மா. பழகுனத ஒரேடியா நிறுத்துனா ஒடம்பு தாங்காது."

அத்தை தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் என் கணவரின் தட்டில் ஒரு ரொட்டி குறைவாக இருந்தது. அத்தை எதிரே உட்கார்ந்து நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.