தொட்டிக்குப் பின்னால் இருந்த கரண்டி

என் கணவர் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகும்போது வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீலச் சாயத்தொட்டியைத்தான் என்னிடம் ஒப்படைத்தார்.

"காலையில ஒரு கை வெல்லம் போடு. சாயங்காலம் ஒரு தடவை கிண்டு. துணியை நீ தொடாதே, நான் வந்து முக்கிக்கறேன்."

எனக்கு டைஃபாய்டு வந்தபோதுகூட அவர் இவ்வளவு விவரமாகப் பேசியதில்லை.

எங்கள் தொழில் பாத்திக். துணியில் மெழுகால் பூவும் கொடியும் வரைவது நான், சாயத்தில் முக்குவது அவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது; சாயம் சூடாக இருந்தால் மெழுகே உருகிவிடும். ஆறிய தண்ணீரில் பிடிக்கும் அவுரி இலைச் சாயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கடைசியில் துணியில் கட்டும் சீட்டு எழுதுவதும் நான்தான்: "முழுக்க இலைச் சாயம். ரசாயனம் இல்லை." என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வெல்லம் போட்டுப் புளிக்கவைத்த இலையின் நாற்றம் மட்டும் குடலைப் பிடுங்கும். என் அக்கா கடைசியாக வந்தபோது தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பன்னிரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அசல் சரக்கு என்றால் அப்படித்தான் நாறும் என்று அவளிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

தையலில் சீழ் பிடித்துவிட்டது, இன்னும் நாலு நாள் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வந்தாலும் உடனே அவரால் தொட்டியில் குனிய முடியாது; ஆர்டர் எடுக்க வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். மெழுகு போட்ட நாற்பது துணிகள் கொடியில் தொங்கின. சரி, நாமே முக்கிவிடலாம் என்று ஒரு துண்டை நனைத்துப் பார்த்தேன். பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டதும் நீலமாக வேண்டும். அது அடுப்படிக் கரித்துணி நிறத்தில் வந்து அப்படியே நின்றது.

வெல்லத்தைக் கூட்டினேன். தொட்டியிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவர் வளர்த்ததை நான் கொன்றுவிட்டேனே என்று தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

சுண்ணாம்பு போட்டால் தேறுமோ என்று தொட்டிக்குப் பின்னால் இருந்த டின்னைத் திறந்தேன். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஃபேக்டரி நீலச் சாயப் பொட்டலங்கள், கூடவே ஒரு கரண்டி. நாலு வருடமாக நான் தேடும் கரண்டி. அக்காதான் எடுத்துப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன்.

பொட்டலத்தின் பின்பக்கம் போட்டிருந்தபடி வாளியில் கலக்கினேன். துணி பச்சையாக வெளியே வந்தது, பத்து எண்ணுவதற்குள் நீலமானது. அதே நீலம். இம்மி வித்தியாசம் இல்லை. ஆத்திரத்தில் அழுகை வந்தது. நாற்பதையும் முக்கிக் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை அவர் வந்து கட்டிலில் படுத்ததும் கரண்டியைத் தலையணை மேல் வைத்தேன். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வருஷம் முன்னாடி குளிர்ல இலைச் சாயம் படுத்துடுச்சு. ஆர்டர் போயிடுமேன்னு ஒரே ஒரு தடவை பவுடர் கலந்தேன்."

"ஒரே ஒரு தடவை?"

"அப்புறம் பழகிடுச்சு. உன்கிட்ட சொல்ல பயமா இருந்தது."

"அப்ப அந்த இலை, வெல்லம் எல்லாம் எதுக்கு?"

"வர்றவங்க மோந்து பார்ப்பாங்கல்ல? நாத்தம் இல்லாட்டி யாரு நம்புவா?"

தையல் போட்ட மனிதர் என்பதால் நான் கையை ஓங்கவில்லை. எழுதாத நாற்பது சீட்டும் பேனாவும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"நாலு வருஷமா என் கையால பொய் எழுத வெச்சீங்க. இனிமே நீங்களே எழுதுங்க."

"என்னன்னு?"

"பொட்டலத்துல என்ன போட்டிருக்கோ அதை."

"அப்படி எழுதினா வாங்கமாட்டாங்கம்மா."

பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கோழி கிண்டியது போன்ற எழுத்தில் "ஃபேக்டரி நீலம்" என்று எழுதிவிட்டு, போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"கீழ, மெழுகு கையால வரைஞ்சதுன்னும் எழுதுங்க," என்றேன். "அது நிஜம்."

எழுதினார். இன்னும் முப்பத்தொன்பது பாக்கி இருந்தது.