மூன்று மரங்களுக்கு ஒரு நற்சான்று

நற்சான்றுக்கு ஒரே ஒரு பெயர் எழுதித் தரச் சொல்லியிருந்தார் உதவிப் பொறியாளர் தனசேகரன். ரோடு இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வன் செல்லமுத்துவின் பெயரை எழுதினான். அவன் மனைவி விஜயலட்சுமி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த நான்கு மாதத்தில் அவன் மனமறிந்து எழுதிய காகிதம் அது ஒன்றுதான்.

"மறியல் முடிஞ்சதுலேர்ந்து ஒருத்தனுக்கும் வேலையில கை ஓடல" என்றார் தனசேகரன். "குடியரசு தினத்துல ஒருத்தனக் கூப்ட்டு கை தட்டுனா மத்தவனும் முதுகு வளைப்பான்."

'சங்கராபுரம் சாலையில் குறுக்கே கிடந்த மூன்று புளியமரங்களை வெட்டி வழி செய்தவர்' என்று எழுதியிருந்தான். ஏன் வெட்டினார் என்று எழுதவில்லை.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு, சாலைகளில் மரங்களைச் சாய்த்து ஏழு நாள் மறியல். பிரசவ வலியில் துடித்தவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினான். நடுப்பகல், கொட்டுகிற மழை. மறியல்காரர்கள் ஊருக்குள் ஒதுங்கியிருந்தார்கள். சாலைப் பணியாளன் செல்லமுத்து மட்டும் கோடாலியோடு ஜீப்புக்கு முன்னால் ஓடினான். அவன் கிளைகளைக் கழிக்க, அறிவுச்செல்வன் இழுத்துப் போட்டான். ஒவ்வொரு மரத்திலும் ஜீப் ஒடுங்கி நுழைந்தது.

"இன்னும் எத்தினி மரங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள் விஜயலட்சுமி. முதல் மரத்தில் கேட்டாள். இரண்டாவதில் கேட்டாள். மூன்றாவதைத் தாண்டியபோது கேட்கவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

இப்போதும் எந்தச் சாலையில் போனாலும் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வி வரும். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை செல்லமுத்து ஆபீஸ் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"எம்பேர எழுதிட்டிங்களாமே சார்? டைப்பிஸ்ட் அம்மா சொல்லிச்சு."

"ஆமா. நீ செஞ்சதுக்கு நான் ஒரு வார்த்தகூடச் சொல்லல, செல்லமுத்து."

"இன்னா சார் நீங்க! மைக்குல பேரப் படிச்சா நான் ஊருக்குள்ள போவ முடியுமா? எங்கண்ணன் மறியல்ல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்துகீறான். போலீசுதான் வெட்டிச்சின்னு நெனச்சிக்கினு கீறாங்க. அப்படியே இருக்கட்டும்."

"அடிப்பாங்களா?"

"அடிச்சாக்கூடத் தேவல. மாசியில பொண்ணுக்குக் கல்யாணம். ஒருத்தன் பந்தியில ஒக்கார மாட்டான்."

"இவ்ளோ தெரிஞ்சும் ஏன் வெட்டின?"

செல்லமுத்து தரையைப் பார்த்தான். "அந்தம்மா கத்துச்சே சார்."

அறிவுச்செல்வன் நேரே தனசேகரனின் அறைக்குப் போனான்.

"அந்தப் பேரை எடுத்துடுங்க சார். அவன் வெட்டல."

"அப்ப யாருய்யா வெட்டுனா? மரம் தானா எழுந்து போயிடுச்சா? மேல சொல்லிட்டேன். இரு, எல்லாத்தையும் நிக்க வெச்சு நானே விசாரிக்கிறேன்."

விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"நான்தான் சார் வெட்னேன்."

தனசேகரன் பேனாவை வைத்தார். "நீயா? பின்ன ஏன் அவன் பேர எழுதுன?"

"எம்பேர நானே எப்படி எழுதறது?"

அவன் தோளைத் தொட வந்த அவர் கை பாதியில் நின்றுவிட்டது. செல்லமுத்துவின் பெயரை அடித்துவிட்டு மேலே அறிவுச்செல்வன் என்று எழுதினார்.

கொடியேற்றிய பிறகு மைக்கில் படித்தார்கள். போக்குவரத்துக்கு இடையூறான மூன்று மரங்களைத் தன் கையாலேயே அகற்றிய கடமை வீரர் என்றார்கள். கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற சாலைப் பணியாளர்களில் ஒருவனும் தட்டவில்லை. அறிவுச்செல்வன் காகிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கினான். அவள் செத்த நாளுக்குத்தான் இந்தக் கைதட்டல் என்று யாரும் அந்தக் கூட்டத்தில் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் வருகைப் பதிவுக்கு மஸ்டர் எடுக்கப் போனபோது ஆட்கள் எட்டி நின்றார்கள்.

"நம்ம மறியல அறுத்துப் போட்ட மகராசன் வந்துட்டாருடா" என்றான் ஒருவன்.

"பேனா புடிக்கிற கை எம்மாம் மரத்த வெட்டியிருக்குது பாரேன்!" என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். செல்லமுத்துவும் அவர்களோடுதான் நின்றான். கொஞ்சம் தாமதமாக அவனும் சிரித்தான்.

அறிவுச்செல்வன் பெயர்களைப் படித்தான்.

"செல்லமுத்து."

"கீறேன்."

மற்றவர்களைப் போலவே, 'சார்' போடாமல். அறிவுச்செல்வன் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தான்.