பெரியவளும் சின்னவளும்

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஐயாதுரை அட்டைப்பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் பெண்டாட்டி அழகுத்தாய் வழக்கம்போல அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமும் மூன்று மாதமும் பார்க்கிற அளவுக்கு அந்தச் சுவரில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், வாசல் தெளிப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. மகள் கோதை போனதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது ரேடியோ ஒன்றுதான். பேட்டரி தீர்ந்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

பெட்டிக்குள் இருந்தவை இரண்டு கினிப்பன்றிகள். பேர்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத பெருச்சாளி. அதிலும் இவை மயிரில்லாத சாதி. மூக்கின் மேலும் பாதங்களிலும் கொஞ்சம் பூனைமயிர் இருந்தது, மற்ற இடமெல்லாம் சுருக்கம் விழுந்த இளஞ்சிவப்புத் தோல். ராஜபாளையத்தில் ஐயாதுரை ஃபிட்டராக இருந்த பேண்டேஜ் கம்பெனி, வெளிநாட்டுக்கு ஒட்டுப் பிளாஸ்திரி அனுப்புகிறேன் என்று கிளம்பியது. தோலில் ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்பு என்றான் வெளிநாட்டுக்காரன். சிரைக்கிற வேலை மிச்சம் என்று, மற்றவற்றோடு மயிரில்லாதது இரண்டையும் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். பிறகு ஆர்டரும் போனது, அந்த அறையையும் பூட்டினார்கள். சாயங்காலத்துக்குள் இதுகளை ஒழித்துக்கட்டு என்று மேனேஜர் சொன்னதை, அங்கே தீவனம் வைத்துக்கொண்டிருந்த ஜமால் முகமதுவால் செய்ய முடியவில்லை.

"மயிரு உள்ளதையெல்லாம் ஆளுக்கு ஒண்ணாக் கொண்டு போயிட்டாகண்ணே. இதுக ரெண்டையும் தொடவே பயப்படுதாக, பெருவியாதிங்காக. நீங்க கொண்டு போங்க. சாக்குல தீவனம் இருக்கு. தீந்துட்டா கீரை, கொத்தமல்லி, நெல்லிக்கா, கையில அம்புட்டதக் குடுங்க. குளிரு மட்டும் ஆகாது."

சொல்லிவிட்டு அந்த வாரமே அவன் திருப்பூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டான். கீரையைப் பச்சையாகத்தான் வைக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அதை எவன் சொல்வான்? ஆட்டுக்குக் குழை போடுகிறவனிடம் வதக்காமல் போடு என்றா சொல்கிறோம்?

அழகுத்தாய் பெட்டியை எட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றின் கழுத்துக்குள் ஒன்று முகத்தைச் செருகிக்கொண்டு நடுங்கின.

"ஐயய்ய, என்னங்க இது, பெறந்த பிள்ள மாதிரி" என்றாள்.

ஐயாதுரை சட்டையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டான். சட்டையைக் கழற்ற அவனுக்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்க்க ஆறு வயசுப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போனவன் அவன்தான். கூட்டத்தில் வியர்த்து வழிந்த பிள்ளைக்கு ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். கேட்டாளே என்று இரண்டாவது கிளாசும் வாங்கிக் கொடுத்தான். மறுநாள் வாந்தியும் பேதியும் கண்டது. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வார்டில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார்: "தண்ணியோ காயோ, எதையும் கொதிக்க வைக்காம வாயில வைக்காதீங்க." மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அழகுத்தாய் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கொதிக்காதது எதுவும் கிடையாது. வெள்ளரிப்பிஞ்சை வேகவைத்தாள். வாழைப்பழத்தை இட்லிச் சட்டியில் வைத்து எடுத்தாள். ஐயாதுரை வாய் பேசாமல் தின்றான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவான்? நீங்கதான வாங்கிக் குடுத்தீக என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழுந்து அழுதாவது தீர்த்திருப்பான்.

இப்போது அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டும் பொட்டை, ஒன்றுக்குப் பெரியவ, இன்னொன்றுக்குச் சின்னவ என்று பேர் வைத்தாள். பெட்டிக்குள் அறுபது வாட் பல்பு தொங்கியது. கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி மெத்தையானது. தோல் வறண்டு வெடிக்காமல் விரல் நுனியால் தேங்காயெண்ணெய் தடவினாள். அவள் காலடி கேட்டாலே இரண்டும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வீக் வீக் என்று விசிலடிக்கும். "இருங்கட்டி, வாரேன்ல" என்பாள்.

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்க்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏட்டி, எந்தக் கோயில்ல மொட்டை போட்டுக் கூட்டியாந்த? ராஜபாளையத்துல ஊரே நாய் வளக்கு, நீ மொட்டை எலி வளக்கியே."

"போக்கா. ஒங்க நாய்க எம் பிள்ளைக கால்தூசிக்கு ஆகுமா?"

எம் பிள்ளைக என்றாள். உள்ளே இருந்த ஐயாதுரைக்கு மனசு குளிர்ந்து போயிற்று. கார்த்திகை மழை பிடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கோதையின் மஞ்சள் கவுனை எடுத்து, இரண்டுக்கும் சட்டை வெட்டினாள். கத்தரிக்கோல் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் சைக்கிளைத் துடைத்தான். இனி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான்.

சாக்குத் தீவனம் தீர்ந்தது அந்த மாதம்தான். அழகுத்தாய் முளைக்கீரையையும் கொத்தமல்லியையும் மூன்று தண்ணீரில் அலசி, நெல்லிக்காயைக் கொட்டை எடுத்து, எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, ஆறவைத்து வைத்தாள். ஐயாதுரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதானே சாப்பாடு.

மார்கழி பிறந்ததும் பெரியவ நொண்டினாள். நாலு நாளில் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. தொட்டால் கத்தினாள். கவுன் துணியில் வாய்ப்பக்கம் ரத்தக்கறை தெரிந்தது. குளிர்தான் என்று அழகுத்தாய் இன்னொரு பல்பு தொங்கவிட்டாள். கீரையை இன்னும் நன்றாக வேகவைத்து, மசித்து, கோதைக்குப் பால் புகட்டிய பாலாடையால் புகட்டினாள். ஒரு காலையில் பெரியவ விறைத்துக் கிடந்தாள்.

"நான் என்ன கொற வச்சேன்? சொல்லுங்க, என்ன கொற வச்சேன்?" அன்று முழுக்க இதையேதான் கேட்டாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தவனிடமும் வந்து கேட்டாள்.

அடுத்த வாரம் சின்னவளும் நொண்டினாள்.

அவளைச் சின்னக் கூடையில் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோகக் கிளம்பினான் ஐயாதுரை. அழகுத்தாய் வாசலோடு நின்றுகொண்டாள். அந்த ஊர் மண்ணை அவள் மிதித்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. "எம்மேல என்ன தப்புன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

டாக்டர் சின்னவளின் உதட்டை நீக்கிப் பார்த்தார். முட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"என்னய்யா தின்னக் குடுக்கீங்க?"

"கீரைதான் சார். நெல்லிக்காயும் உண்டு. சுத்தமா, நல்லா வேகவச்சு..."

"வேகவச்சா? கீரையையா?" டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதுக்கும் மனுசன் மாதிரிதான்யா. வைட்டமின் சி தானா ஒடம்புல ஊறாது, பச்சையாத் தின்னாத்தான் உண்டு. கொழைய வேகவச்சா அந்தச் சத்து போயிரும். சாக்குத் தீவனத்துல அதக் கலந்திருப்பான், அது இருந்தவரைக்கும் தப்பிச்சிருக்கு. இன்னைக்கே பச்சை நெல்லிக்காய அரைச்சுக் குடு. இது பொழச்சுக்கிடும்."

"மொதல்ல ஒண்ணு செத்துப்போச்சு சார்."

"அதுவும் இதனாலதான்."

ஒரு ஊசி போட்டுவிட்டு டாக்டர் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் செண்பகத்தோப்பு நெல்லிக்காய் என்று ஒருத்தி கூடையில் வைத்து விற்றாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால், பெரியவளைக் கொன்றது நீதான் என்று அழகுத்தாயிடம் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் சின்னவளும் சாவாள். மடியில் கூடைக்குள் சின்னவ மஞ்சள் சட்டையோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னவாம்?" வாசலிலேயே அழகுத்தாய் கேட்டாள்.

"குளிருதானாம்."

"அப்ப என்னால இல்ல?"

"இல்லட்டி."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. அந்த மூச்சைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

தினமும் காலையில் அவள் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனதும், அவன் நெல்லிக்காயை நசுக்கிச் சாற்றைச் சின்னவ வாயில் விடுவான். இரண்டு கொத்தமல்லித் தண்டை நீட்டுவான். மூன்றாம் நாள் சின்னவ காலை ஊன்றினாள். நாலாம் நாள் விசிலடித்தாள். "பாத்தீகளா? மூணாவது பல்பு போட்டம்ல!" என்று அழகுத்தாய் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். இப்படியே ஓட்டிவிடலாம் என்று அந்த மடையன் நம்பினான்.

ஆறாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவள் கையும் களவுமாகப் பிடித்தாள். சின்னவ அவன் மடியில் உட்கார்ந்து, ஈரம் சொட்டுகிற பச்சைக் கொத்தமல்லியை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

குடம் கீழே விழுந்தது. "பச்சையாவா? பச்சையாவா குடுக்கீக?" பாய்ந்து வந்து சின்னவளைப் பிடுங்கினாள். வாய்க்குள் விரலை விட்டு இலையைத் தோண்டினாள். "அன்னைக்கும் இப்படித்தான குடுத்தீக! எம் பிள்ளையக் கொன்னது பத்தலையா ஒங்களுக்கு?"

ஒன்றரை வருஷமாக அவன் காத்துக்கிடந்த சொல் அது. வந்தால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். விழவில்லை. உள்ளேயிருந்து வேறு என்னமோ எழும்பியது. சின்னவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டான். ஆனால் சொன்ன நொடியில் அதில் ஒரு ருசி இருந்தது, அது அவனுக்குத் தெரியும்.

"பச்சையாத்தான் குடுக்கணும். நீ வேகவச்சுப் போட்டதுலதான் பெரியவ செத்தா. டாக்டர் சொன்னாரு."

அழகுத்தாயின் விரல் சின்னவளின் வாயிலிருந்து மெல்ல வெளியே வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கீரைச்சட்டியைப் பார்த்தாள். பிறகு சின்னவளை, தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுகிற பதனத்தோடு, அவன் கையில் வைத்தாள்.

"இனிமே என் கையில குடுக்காதீக" என்றாள். அடுப்பை அணைத்தாள்.

சின்னவ பிழைத்துக்கொண்டாள். தை முடிவதற்குள் கொழுத்து, கவுன் துணிச் சட்டை பற்றாமல் போயிற்று. ஐயாதுரைதான் எண்ணெய் தடவினான், பல்பு மாற்றினான், நெல்லிக்காய் நறுக்கினான். அழகுத்தாய் பெட்டிப் பக்கம் வருவதில்லை. பழைய இடத்தில், பழைய சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் மொள்ள அவள் எழுந்து நடந்தால் போதும், காலடி கேட்டுச் சின்னவ முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு விசிலடிப்பாள், நிறுத்தாமல் அடிப்பாள். அழகுத்தாய் திரும்ப மாட்டாள்.

அந்த அடுப்பில் அதற்குப் பிறகு தண்ணீர் கொதிக்கவில்லை. தெருக்குழாயில் பிடித்து வந்த குடத்தில் செம்பை விட்டு மொண்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழகுத்தாய் அதை அப்படியே குடித்தாள்.